டி5 வேனில் வெளியே தெரியாமல் ஹூக்-அப் சாக்கெட்: எங்கே வைப்பது?

#1 கூடாரம்_வேண்டாம்

எல்லோருக்கும் வணக்கம். 2012 மாடல் ஃபோக்ஸ்வாகன் டி5, சாதாரண பேனல் வேன். உள்ளே படுக்கை, சின்னச் சமையல் மேடை எல்லாம் நானே போட்டது. கூரையில் 120 வாட் சோலார், சீட்டுக்கு அடியில் 100 ஏஎச் பேட்டரி. கோடைக்கு இது தாராளம்.

போன டிசம்பரில் ஸ்காட்லாந்தில் இன்வர்னஸ் பக்கம் போனோம். அங்கே அந்த மாதத்தில் பகல் ஏழு மணி நேரம்கூடக் கிடையாது. இருக்கிற வெளிச்சமும் மேகத்துக்குள்தான். மூன்றாம் நாள் காலை பேட்டரி படுத்துவிட்டது. இரண்டு வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு, ஹீட்டர் ஃபேன் சுற்றாமல், கம்பளிக்குள் நடுங்கினோம். பத்தடி தூரத்தில் கேம்ப்சைட்டின் மின்கம்பம் நின்றது. அதில் சொருக என்னிடம் எதுவும் இல்லை.

அதனால் 16 ஆம்ப் நீல ஹூக்-அப், அதாவது கம்பத்துக் கரண்டை வேனுக்குள் எடுக்கும் இணைப்பு, போடப் போகிறேன். ஆனால் பக்கவாட்டுத் தகட்டை வெட்டி வெள்ளை மூடி வைக்க மனசு வரவில்லை. வேன் இங்கிலாந்தில் லெஸ்டரில் தெருவில்தான் நிற்கிறது. மூடியைப் பார்த்தாலே "உள்ளே பொருள் இருக்கிறது" என்று தெரிந்துவிடும். தகட்டில் ஒருமுறை போட்ட ஓட்டை போட்டதுதான், விற்கும்போதும் கேள்வி வரும்.

யோசித்த இடங்கள் மூன்று: பானட்டுக்குள், பின் பம்பருக்கு அடியில், முன் சக்கரத்துக்குப் பின்னால் படிக்குக் கீழே. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தெருவோரம்

பானட்டுக்குள் வைத்து நான்கு வருடம் ஆகிறது. வெளியே ஒன்றுமே தெரியாது, அது உண்மை. ஒவ்வொரு முறையும் பானட்டைத் திறந்து, சொருகி, கேபிளை கிரில் இடுக்கு வழியாக வெளியே விட்டு, பானட்டை முதல் கொக்கியில் மட்டும் நிறுத்த வேண்டும். முழுசாக அழுத்தி மூடினால் கேபிள் நசுங்கும். மழை கொட்டும் ராத்திரியில் இதைச் செய்வது பெரிய தொல்லை.

இன்னொன்று, உங்கள் சமையல் மேடை ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் என்றால் எஞ்சின் பகுதியிலிருந்து தடுப்புத் தகடு தாண்டி உள்ளே கேபிள் கொண்டுவர வேண்டும். சூடான பாகங்களை ஒட்டிப் போகக் கூடாது. எனக்கு அந்த ஒரு வேலைக்கே ஒரு சனிக்கிழமை போனது. இன்று மறுபடி செய்வதென்றால் பின்பக்கம்தான் வைப்பேன்.

#3 நீலமுளை

எலக்ட்ரீஷியன் வேலைதான் பார்க்கிறேன், வேனும் வைத்திருக்கிறேன். இடம் முடிவு செய்வதற்கு முன்னால் விதி என்ன கேட்கிறது என்று பார்த்துவிடுவோம் தம்பி. பிரிட்டனின் மின்வயரிங் தரநிலையான பிஎஸ் 7671-இல் 721ஆம் பகுதி முழுக்க கேரவன், மோட்டார் கேரவன் பற்றியதுதான்.

சாக்கெட் தரையிலிருந்து 1.8 மீட்டருக்கு மேலே இருக்கக் கூடாது. கை எளிதாக எட்ட வேண்டும். கேபிள் சொருகியிருந்தாலும் இல்லாவிட்டாலும் குறைந்தது ஐபி44 பாதுகாப்பு வேண்டும் (ஐபி என்பது தூசி, தண்ணீரை எவ்வளவு தடுக்கும் என்ற குறியீடு). வேனின் உடம்பைத் தாண்டித் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. பக்கத்திலேயே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 16 ஆம்ப் என்று எழுதிய பலகை வேண்டும்.

இதில் "கை எளிதாக எட்ட வேண்டும்" என்பதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஏதாவது புகைகிறது என்றால், உங்கள் மனைவியோ பக்கத்து வேன்காரரோ ஓடிவந்து பிடுங்க முடிய வேண்டும். மறைவாக வையுங்கள். ஆனால் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடும் இடத்தில் வைக்காதீர்கள்.

அப்புறம், சாக்கெட் என்று சொன்னாலும் வேனில் பொருத்துவது ஆண் முனை, அதாவது முள் இருக்கும் பக்கம். மின்கம்பத்தில் இருப்பது பெண் முனை. கேபிளில் கரண்ட் வரும் பக்கத்தில் முள் வெளியே தெரியவே கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. கடையில் மாற்றி வாங்கிவிட்டு, இரண்டு பக்கமும் ஆண் முனை வைத்த கேபிள் செய்து சமாளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேபிளின் ஒரு பக்கம் கம்பத்தில் இருக்கும்போது மறுபக்கத்து முள்ளைத் தொட்டால் ஆள் போய்விடும்.

#4 சாலை_உப்பு

படிக்குக் கீழே வைக்காதீர்கள். நான் வைத்தேன், சொல்கிறேன்.

முன் சக்கரத்துக்குச் சரியாகப் பின்னால், சாக்கெட்டின் வாய் பக்கவாட்டைப் பார்க்கும்படி ஒரு பிராக்கெட்டில் மாட்டினேன். ஐபி44 தானே, மழைக்குத் தாங்கும் என்று நம்பினேன். தாங்கும், மேலிருந்து விழும் மழைக்கு. சக்கரம் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வாரி அடிக்கும் சேற்றையும் உப்புத் தண்ணீரையும் அது தாங்காது. இங்கே குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்பு கொட்டுகிறார்கள், தெரியுமே.

மார்ச்சில் ஒரு கேம்ப்சைட்டில் சொருகியதும் கம்பத்து ஆர்சிடி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப். மறுபடி போட்டேன், மறுபடி டிரிப். சாக்கெட்டைக் கழற்றி உள்ளே பார்த்தால் அடியில் ஒரு ஸ்பூன் அளவு பழுப்புத் தண்ணீர். எர்த் ஸ்குரூவைச் சுற்றிப் பச்சைப் பொடி. நியூட்ரல் முள் வேர்ப்பக்கம் காப்பி நிறத்தில் கருகி, பிளாஸ்டிக் கொஞ்சம் உப்பியிருந்தது. ஈரத்தால் டிரிப் ஆனதை நான் கவனித்தேன். அந்தக் கருகலை, ஆர்சிடி தட்டாமல் இருந்திருந்தால், கவனித்திருக்கவே மாட்டேன். தளர்ந்த இணைப்பு சூடாவதை ஆர்சிடியோ பிரேக்கரோ கண்டுபிடிக்காது.

இப்போது பின் பம்பருக்கு அடியில், சக்கரத்தின் வீச்சு எட்டாத இடத்தில், திருகி மூடும் ஐபி67 வகை வைத்திருக்கிறேன். வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இரண்டு குளிர்காலம் தாண்டிவிட்டது, முள் இன்னும் பளபளப்பு.

#5 கூடாரம்_வேண்டாம்

எல்லோருக்கும் நன்றி. படிக்குக் கீழே என்ற யோசனையை விட்டுவிட்டேன். உப்பு அண்ணா, அந்தக் கருகிய முள் படித்ததிலிருந்து கண்ணிலேயே நிற்கிறது.

ஒரு சந்தேகம். நார்வே, ஸ்வீடன் கார்களில் எஞ்சினைச் சூடாக்க கிரில்லில் சின்னதாக ஒரு சாக்கெட் வைப்பார்களே, டெஃபா மாதிரி. கட்டை விரல் அளவுதான். அதைச் சில வேன்காரர்கள் ஹூக்-அப்புக்கு வைத்திருக்கிறார்கள். அது பரவாயில்லையா?

#6 நீலமுளை

அழகான பொருள், குளிருக்கும் உப்புக்கும் பழகியது. வைக்கிறவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று விஷயம் பாருங்கள். சாக்கெட், அதன் கேபிள் இரண்டிலும் எத்தனை ஆம்ப் என்று அச்சடித்திருக்கிறதோ அதற்கு ஏற்ற பிரேக்கர் வேண்டும். கேபிள் தொலைந்தால் கேம்ப்சைட் கடையில் கிடைக்காது, நீல 16 ஆம்ப் கேபிள் எங்கேயும் கிடைக்கும். 721 கேட்பதும் அந்த நீல வகையைத்தான். வேனை விற்கும்போது, சோதனைச் சான்றிதழ் வாங்கும்போது இது பேச்சாக வரும்.

#7 வாரக்கடைசி_பயணி

வருடத்துக்கு மூன்று முறை கேம்ப்சைட் போகிற எங்களைப் போன்றவர்களுக்கு ஓட்டையே தேவையில்லை என்பேன். கையில் தூக்கும் மின்பெட்டி கிடைக்கிறது. பெட்டிக்குள்ளேயே ஆர்சிடி, பிரேக்கர், இரண்டு மூன்று சாக்கெட். ஒரு முனையில் நீல பிளக். பின் கதவு ரப்பர் ஓரமாக, கதவு நசுக்காத இடத்தில் விட்டு உள்ளே வைத்துக்கொள்கிறோம். ரைஸ் குக்கர், ஃபோன், சின்ன ஹீட்டர், அவ்வளவுதான் வேலை. வாடகை வேன், குத்தகை வேன் வைத்திருப்பவர்களுக்கு இதுதான் சரி.

வீட்டு எக்ஸ்டென்ஷன் போர்டை ஜன்னல் வழியாக விடுவதோடு இதைச் சேர்த்துவிடாதீர்கள். அதை என் அண்ணன் செய்தார், சறுக்குக் கதவு கேபிளின் மேல்தோலைச் சீவிவிட்டது, தாமிரமே தெரிந்தது.

#8 கூடாரம்_வேண்டாம்

அக்கா, நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் எனக்கு பேட்டரி சார்ஜரை நிரந்தரமாக மாட்ட வேண்டும், குழந்தை தரையில் தவழ்வதால் பெட்டியும் வயரும் கீழே கிடக்கக் கூடாது. நிரந்தரமாகவே போட்டுவிடுகிறேன்.

நேற்று பின் பம்பரைக் கழற்றினேன். வலது மூலையில் நல்ல இடம். சைலன்சர் அந்தப் பக்கம் இல்லை. சேஸிஸ் முனையில் ஏற்கெனவே துளைகள் இருக்கின்றன, புதிதாக எதுவும் துளைக்க வேண்டாம். பம்பரின் கீழ் விளிம்பிலிருந்து நான்கு விரல் உள்ளே தள்ளி வைத்தால் நின்றுகொண்டு பார்க்கிறவருக்குத் தெரியாது. குனிந்து கை விட்டால் உடனே எட்டுகிறது. மனைவியை வைத்தும் பார்த்துவிட்டேன், இருட்டில் ஒரே தடவையில் பிடித்துவிட்டார்.

உள்ளே கேபிள் எப்படிக் கொண்டுவருவது?

#9 சாலை_உப்பு

மனைவியை வைத்துப் பார்த்தது நல்ல சோதனை.

பிராக்கெட்டுக்கு 3 மி.மீ. இரும்புத் தகடு, எல் வடிவில் வளைத்து, துத்தநாகப் பூச்சு, மேலே பெயின்ட். அலுமினியம் வேண்டாம், இரும்போடு ஒட்டி உப்புத் தண்ணீர் பட்டால் அரித்துவிடும். கேபிளின் எடை சாக்கெட்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும், ஆடாமல் நிற்க வேண்டும்.

வேனின் தரையில் தொழிற்சாலையே விட்ட ரப்பர் அடைப்புகள் இருக்கும். அதில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். அப்படியே குத்திக் கேபிளை நுழைக்காமல், அந்த ஓட்டைக்குப் பொருந்தும் கேபிள் கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கிப் பிடித்துத் தண்ணீரைத் தடுக்கும் வளையம்) போடுங்கள். வழியே இல்லாமல் புது ஓட்டை போட்டால், விளிம்பை ராவி, பிரைமர் அடித்து, காய்ந்த பிறகுதான் கிளாண்ட். அவசரப்பட்டால் இரண்டு வருடத்தில் அந்த விளிம்பிலிருந்து துரு கிளம்பும்.

ஓட்டைக்கு வருவதற்கு முன் கேபிளைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், உள்ளே வராது.

#10 நீலமுளை

கேபிள் 2.5 சதுர மி.மீ., மூன்று கம்பி, ரப்பர் உறை. எச்07ஆர்என்-எஃப் என்று உறையிலேயே அச்சடித்திருக்கும். வீட்டுச் சுவருக்குள் போடும் கெட்டிக் கம்பி வேண்டவே வேண்டாம். வேன் நாள் முழுக்க அதிர்கிறது, அது ஓரிடத்தில் முறிந்துவிடும். பல இழைக் கம்பியின் முனையில் ஃபெருல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சின்ன உலோகக் குழல்) போட்டு அழுத்திய பிறகுதான் ஸ்குரூவுக்குள் விட வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா ஸ்குரூவையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

உள்ளே குழாய்க்குள் போகாத கேபிள் என்றால், படுக்கைவசத்தில் 25 செ.மீ.க்கு ஒரு கிளிப், செங்குத்தாக 40 செ.மீ.க்கு ஒரு கிளிப். கேஸ் சிலிண்டர் பெட்டி வழியாக 230 வோல்ட் வயர் போகவே கூடாது. 12 வோல்ட் வயர்களோடு சேர்த்துக் கட்டவும் வேண்டாம்.

வேனின் மின்பெட்டியில் 30 மில்லிஆம்ப் ஆர்சிடி, இரட்டை முனை, அதாவது லைவ், நியூட்ரல் இரண்டையும் துண்டிப்பது. பிரேக்கர்களும் இரட்டை முனை. ஆர்சிடியில் ஏ வகை கேட்டு வாங்குங்கள். பழைய ஏசி வகை, சார்ஜர் மாதிரி மின்னணுப் பொருள் இருக்கும் இடத்துக்கு ஏற்றதல்ல, பிஎஸ் 7671-இன் 2022 திருத்தத்தில் அதைக் கிட்டத்தட்ட ஒதுக்கியே விட்டார்கள்.

இப்போது முக்கியமானது. மின்பெட்டியின் எர்த் பட்டையிலிருந்து 4 சதுர மி.மீ. பச்சை-மஞ்சள் வயர் ஒன்று வேனின் உடம்புக்கு. பெயின்டைச் சுரண்டி, பளிச்சென்று இரும்பு தெரிய வேண்டும். வளைய முனை, பல் வாஷர், போல்ட், மேலே கிரீஸ். பம்பருக்கு அடியில் என்றாவது ஒரு நாள் லைவ் வயர் உரசி உடம்பைத் தொட்டால், இந்த வயர் இருந்தால் அந்தக் கணமே கம்பத்தின் ஆர்சிடி தட்டும். இல்லாவிட்டால் வேன் முழுக்க 230 வோல்ட்டோடு, யாராவது கதவைத் திறக்கும்வரை காத்திருக்கும். போன வருடம் என்னிடம் சோதனைக்கு வந்த ஒரு வேனில், காசு வாங்கிச் செய்த கடைக்காரர் இந்த வயரையே போடவில்லை. வெளியில் பார்க்க எல்லாம் அவ்வளவு நேர்த்தி.

#11 புதுவண்டி

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். இதெல்லாம் போட்ட பிறகு வீட்டு வாசலில் நிறுத்தி, 13 ஆம்ப் அடாப்டர் வைத்து வீட்டுக் கரண்டில் சொருகலாம்தானே? எல்லோரும் செய்கிறார்களே.

#12 நீலமுளை

எல்லோரும் செய்கிறார்கள், தெரியும். ஆபத்து எங்கே என்று சொல்கிறேன், பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

பிரிட்டனில் ஏராளமான வீடுகளுக்கு வருவது பிஎம்இ இணைப்பு. அதாவது தெருவிலிருந்து வரும் கேபிளில் நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பி, வீட்டுக்குள் வந்துதான் இரண்டாகப் பிரிகிறது. தெருவில் அந்த ஒரு கம்பி அறுந்துவிட்டால், திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் உங்கள் வீட்டு எர்த் கம்பியில் ஏறி நிற்கும். வீட்டுக்குள் இருப்பவருக்குப் பெரிய ஆபத்து இல்லை, ஏனென்றால் குழாய், அடுப்பு, எல்லாம் சேர்ந்தே அந்த அழுத்தத்துக்குப் போகின்றன. வேன் அப்படியில்லை. டயர் மேல் நிற்கிற இரும்புப் பெட்டி அது. எர்த் வழியாக அதன் உடம்பில் மின்சாரம், நீங்கள் ஈரப் புல்லில் வெறுங்காலோடு நின்று கதவைத் தொடுகிறீர்கள். ஆர்சிடி தட்டாது, தட்டினாலும் எர்த் கம்பியை அது துண்டிப்பதில்லை.

அதனால்தான் 2002இல் வந்த மின்வழங்கல் பாதுகாப்பு விதிகளில் 9ஆம் விதி, கேரவனின் உலோக உடம்புக்கு இந்த எர்த்தைக் கொடுக்கக் கூடாது என்று நேரடியாகவே சொல்கிறது. கேம்ப்சைட் மின்கம்பங்களுக்கு இதே காரணத்தால் தனி எர்த் ராடு.

வீட்டில் அடிக்கடி சொருக வேண்டுமென்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, வெளியே தனி எர்த் ராடும் தனி ஆர்சிடியும் வைத்த நீல சாக்கெட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள். அடாப்டரில் 13 ஆம்ப் பிளக் மணிக்கணக்கில் சூடாகும் தொல்லையும் போகும்.

#13 புதுவண்டி

இப்படி யாரும் விளக்கிச் சொன்னதில்லை அண்ணா. எங்கள் வாசல் புல்தரைதான், குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடுவார்கள். தனி சாக்கெட்டுக்கே ஆள் பார்க்கிறேன்.

#14 கலே_கப்பல்

பிரான்ஸ் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பல கேம்ப்சைட்டில் லைவும் நியூட்ரலும் மாறி வரும். இரட்டை முனை பிரேக்கர் இருந்தால் அணைத்ததும் இரண்டும் துண்டாகும், ஒற்றை முனை என்றால் அணைத்த பிறகும் லைவ் உள்ளேயே இருக்கும். சாக்கெட்டில் சொருகிப் பார்க்கும் சின்ன டெஸ்டர் ஒன்றை எப்போதும் கையில் வையுங்கள்.

அப்புறம் 16 ஆம்ப் எல்லா இடத்திலும் கிடைக்காது. 6 ஆம்ப் இடம் என்றால் மொத்தமே 1,380 வாட். 700 வாட் ரைஸ் குக்கரும் 500 வாட் ஹீட்டரும் ஒன்றாக ஓடும். அதற்கு மேல் வீட்டுக் கெட்டிலைப் போட்டீர்களானால் கம்பத்தில் பிரேக்கர் விழும், ராத்திரி பத்து மணிக்கு வார்டனைத் தேடி அலைய வேண்டும்.

கேபிள் 25 மீட்டர் இருக்கட்டும். மூன்று மீட்டர்தான் தேவை என்றாலும் சுருளை முழுக்கப் பிரித்து வேனுக்கு அடியில் தளர்வாகப் போடுங்கள். சுருளாகவே விட்டு ஹீட்டர் ஓட்டினால் சூடு வெளியேற வழியில்லாமல் உறை இளகிவிடும்.

#15 கூடாரம்_வேண்டாம்

முடித்துவிட்டேன். மூன்று சனிக்கிழமை ஆனது.

பின் வலது மூலை, கறுப்பு நிற ஐபி67 சாக்கெட், திருகும் மூடி. பம்பரும் கறுப்பு, சாக்கெட்டும் கறுப்பு; பக்கத்து வீட்டுக்காரர் வேனைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு "இன்னும் போடவில்லையா?" என்றார். எச்சரிக்கைப் பலகையை பிராக்கெட்டின் உள்பக்கம், மூடியைத் திறக்கும்போது கண்ணில் படும்படி ஒட்டியிருக்கிறேன். கேபிளின் முனைக்கு நேர் பிளக் வாங்கியிருந்தேன், சொருகினால் பம்பருக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது. திருப்பிக் கொடுத்துவிட்டு வளைந்த முனை வாங்கினேன். இப்போது கேபிள் நேராகக் கீழே இறங்குகிறது, யாரும் காலில் இடற மாட்டார்கள்.

எர்த் போல்ட்டுக்குப் பெயின்ட் சுரண்டும்போது, முதலில் பளபளப்பாகத் தெரிந்தது வெறும் பிரைமர். மீட்டர் வைத்துப் பார்த்ததில்தான் தெரிந்தது. இன்னும் சுரண்டி இரும்பைத் தொட்டேன். கரண்ட் கொடுப்பதற்கு முன் ஒரு எலக்ட்ரீஷியன் வந்து சோதித்தார். எர்த் தொடர்ச்சி, 500 வோல்ட்டில் காப்புத்தடை, ஆர்சிடி தட்டும் நேரம் எல்லாம் பார்த்து எழுதிக் கொடுத்தார்.

போன வாரம் பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் ஹூக்-அப்போடு முதன்முறை தங்கினோம். வேனின் மெயின் சுவிட்சை அணைத்து, முதலில் வேனில் சொருகி, பிறகு கம்பத்தில் சொருகி, சுவிட்சைப் போட்டு, ஆர்சிடியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. மறுபடி தூக்கிவிட்டு ஹீட்டரைப் போட்டோம். வெளியே இரண்டு டிகிரி. குழந்தை போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கியது.

#16 தெருவோரம்

வாழ்த்துகள். நானும் பானட்டிலிருந்து பின்னால் மாற்றப் போகிறேன். பிராக்கெட்டின் அளவு சொல்ல முடியுமா? சாக்கெட்டின் வாய் எவ்வளவு சாய்ந்திருக்கிறது?

#17 கூடாரம்_வேண்டாம்

தகடு 3 மி.மீ., அகலம் 110, நீளம் 140. சாய்வு கிட்டத்தட்ட 30 டிகிரி, கீழும் பின்னும் பார்த்தபடி. நேராகக் கீழே பார்க்க வைத்தால் சொருகப் படுக்க வேண்டியிருக்கிறது. முதலில் அட்டையில் வெட்டி, பம்பரை மாட்டி, கையைவிட்டுப் பாருங்கள். நான் இரண்டு அட்டை வீணாக்கிய பிறகுதான் தகட்டை வெட்டினேன்.